புடைப்புக்குள் ஓடும் ரத்தம்

“டாக்டர், வேகமா மோதுற ரத்தம் குழாயை வெடிக்க வைக்குமா, மந்தமா சுத்துற ரத்தமா?”

கேட்டவர் சற்குணம். வயது ஐம்பத்து மூன்று. பொறியியல் கல்லூரியில் இருபத்தாறு வருடம் தண்ணீர்க் குழாய்களைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, இப்போது மூளைக்குள் இருக்கும் குழாய்களைப் படிக்க வந்திருக்கிறார்.

பதில் சொல்ல வேண்டியவர் மூளை அறுவை மருத்துவர் தில்லைநாயகி. வயது முப்பத்தெட்டு. குருவைவிட சிஷ்யருக்குத்தான் நரை அதிகம் என்று நர்ஸுகள் சிரிப்பார்கள். இரண்டு பேர் காதிலும் அது விழும்.

“ஏன் கேக்குறீங்க சார்?”

“ஒரு கட்டுரை வேகம்தான் ஆபத்துங்குது. இன்னொண்ணு மந்தம்தான் ஆபத்துங்குது. ரெண்டும் படிச்சவங்க எழுதினதுதான். எனக்குத் தலை சுத்துது.”

“சுத்தட்டும்.”

பன்னிரண்டாம் கட்டிலில் ஒச்சம்மாள் இருந்தார். கட்டட வேலையில் சித்தாள். தலைவலி என்று வந்தவருக்கு ஸ்கேன் எடுத்ததில், மூளையின் ரத்தக்குழாய் ஓர் இடத்தில் பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. அது வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பிச்சுருளைக் கொண்டுபோய் அடைக்கலாம். அடைக்கும்போதே வெடிக்கவும் கூடும், கைகால் விழுந்துபோகவும் கூடும். அடைப்பதா, வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதா என்று நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சற்குணம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஸ்கேனை வைத்து அவர் செய்த மாதிரியில், புடைப்புக்குள் ரத்தம் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. மூன்று நாள் உழைப்பு. அழகாகத்தான் இருந்தது.

“இது யாரோட குழாய்?”

“ஒச்சம்மாளோடது.”

“உள்ள ஓடுறது யாரோட ரத்தம்?”

சற்குணம் திரையை மறுபடி பார்த்தார்.

அதில் போட்டிருந்த ரத்த ஓட்டத்தின் அளவு மென்பொருளோடு வந்தது. எந்த ஊரிலோ, நோய்நொடி இல்லாத ஓர் இளைஞனின் கழுத்தில் எடுத்த அளவு. எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று அவரும் போட்டிருந்தார்.

ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியை எடுத்து தில்லைநாயகி அவர் கையில் கொடுத்தார்.

சற்குணம் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒச்சம்மாளின் கழுத்தில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். ஓர் அளவு வந்தது. மறுபடி வைத்தார். வேறு அளவு. மூன்றாம் முறை இன்னொன்று.

மனுஷருக்கு எரிச்சலாக வந்தது. எந்த அளவைப் போடுவது?

“என்ன சார், ரத்தம் நல்லா ஓடுதா?”

“ஓடுதும்மா.”

“அப்ப அது வெடிக்குமா, வெடிக்காதா?”

இருபத்தாறு வருடத்தில் எந்த வகுப்பிலும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்.

“தெரியலைம்மா.”

ஒச்சம்மாள் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நெசமாவே தெரியாதா?”

“சத்தியமா தெரியாது. சொல்லவே வெக்கமா இருக்கு.”

“வந்ததுலருந்து எல்லாரும் தெரிஞ்சவுகளாத்தான் வந்தாக. நமக்கென்ன தெரியும்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுக் கெடந்தேன். எங்கக்கா சாரத்துல நின்னுக்கிட்டே, பிடரியில அடிச்ச மாதிரி வலிக்குதுன்னா. வாந்தி எடுத்தா. அப்படியே போயிட்டா. வெயில் தாங்கலைன்னாக. எங்காத்தாவும் அதே மாதிரிதான் போச்சு, களையெடுக்கையில. அதுவும் வெயிலுதானா சார்?”

சற்குணம் ஜெல்லைத் துடைக்கக்கூட மறந்து டாக்டரிடம் ஓடினார்.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு தில்லைநாயகி ஒச்சம்மாளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

“நானும் கேட்டேனே சார். வீட்டுல யாருக்காவது மூளையில ரத்தக்கசிவு வந்திருக்கான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. நீங்க எப்படிக் கேட்டீங்க?”

“நான் கேக்கல டாக்டர். தெரியலைன்னு சொன்னேன்.”

வீட்டில் இரண்டு பேர் அப்படிப் போயிருந்தால், இந்தப் புடைப்பும் வெடிக்கும் ஆபத்து அதிகம். தில்லைநாயகி போனை எடுத்தார். ஒச்சம்மாள் சம்மதித்தால் நாளைக் காலை முதல் சிகிச்சை அவருக்குத்தான் என்று சொல்லி வைத்தார்.

பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

“வாங்க சார். வார்டுல இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. நீங்க முன்னால போங்க.”