செவலை கடிச்ச சட்டை

மேகம் வந்து சோத்துப் பானைக்குள்ள எட்டிப் பாக்குற அளவுக்கு உசரத்துல ஒரு மலையூரு இருந்துச்சாம். அந்த ஊரு ராசா எப்பப் பாத்தாலும் குளிருல வெடவெடன்னு ஆடுவாரு. அவரு நெசப் பேரு யாருக்கும் ஞாபகமில்ல, நடுங்கி ராசான்னுதான் சொல்லுவாங்க. அதே ஊருல சிட்டம்மான்னு ஒருத்தி, ரெண்டு ஊசிய வச்சுக் கம்பளிச் சட்டை பின்னுவா. கை நல்ல கை, ஆனா எண்ணிக்கை நிக்காது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வருவா, ஒரு ஈ பறந்தாப் போதும், எங்க விட்டோம்னு முழிப்பா. சிரிக்காதீங்க, உங்களுக்கு மட்டும் ரொம்ப நிக்குதாக்கும்!

அவளுக்கு செவலைன்னு ஒரே ஒரு ஆடு. அது நெத்தியில அரமனை ஆளுங்க வந்து குங்குமத்தை அப்பிட்டுப் போயிட்டாங்க. அப்படின்னா அமாவாசை விருந்துக்கு அதுதான் கறின்னு அர்த்தம். சிட்டம்மா அழுதா, அழுதா, அப்படி அழுதா. அப்பப் பாத்து தண்டோரா: "ராசா குளிரைப் போக்குற சட்டை பின்னித் தர்றவங்களுக்குக் கேட்டது கிடைக்கும்!"

உடனே செவலை மயிரையே கத்தரிச்சு, நூலாத் திரிச்சு, பின்ன உக்காந்தா. சும்மா வழவழன்னு இல்ல, கீழேருந்து மேல வரைக்கும் கயிறு முறுக்குன மாதிரி முறுக்கு முறுக்காப் புடைச்சு நிக்கும், முன்னால பித்தான் வரிசை. முடிச்சு அரமனை வாசலுக்குக் கொண்டு போனா. அங்க உடுப்பறைக்காரி வடிவாம்பா, "குடு, நான் குடுத்துடுறேன்"ன்னு வாங்கிக் கதவைச் சாத்திட்டா. சாத்திட்டு நேரா ராசாகிட்டப் போயி, "நான் பின்னுனது ராசா, எனக்குத் தங்கச் சங்கிலி வேணும்"னா. பாவி!

ராசா போட்டாரு, நடுக்கம் நின்னுபோச்சு. அதுக்குள்ள வாசல்ல சேதி கேட்ட சிட்டம்மா காவக்காரனைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்து, "அது என் சட்டை ராசா!"ன்னு கத்துனா.

ராசாவுக்கு ஒண்ணும் புரியல. "எப்படிப் பின்னுன?"ன்னு கேட்டாரு.

"ஊசியில இருக்குற நூல் வளையம், அதான் கண்ணி, அதுல மூணை எடுத்துத் தனி ஊசியில முன்னால நிறுத்திடுவேன் ராசா, அடுத்த மூணைப் பின்னுவேன், அப்புறம் திரும்பி வந்து நிறுத்துன மூணைப் பின்னுவேன், முறுக்கு விழுந்துடும்."

"இரு இரு. நின்னது எந்த மூணு? வந்தது எந்த மூணு?"

"நின்னதுதான் ராசா வந்தது."

ராசா தலையைச் சொறிஞ்சாரு. வடிவாம்பாவைக் கேட்டா, அவ அதையே அட்சரம் பிசகாமச் சொன்னா. எத்தனை நாளாச்சுன்னு கேட்டாரு. சிட்டம்மா இருபது நாள்னா, இவளும் இருபது நாள்னா. யாரு ஆட்டு மயிருன்னு கேட்டாரு. சிட்டம்மா செவலைன்னா, இவளும் செவலைன்னா. மந்திரியப் பாத்தாரு, மந்திரி உத்தரத்தைப் பாத்தாரு. எனக்கே இப்ப நின்னது யாரு வந்தது யாருன்னு குழம்புது, ராசா என்ன பண்ணுவாரு!

கடைசியில அலுத்துப்போயி, "இதுல ஒரு குறைகூடவா இல்ல?"ன்னாரு.

"பொட்டுக் குறை கிடையாது ராசா"ன்னு வடிவாம்பா முந்திக்கிட்டா.

சிட்டம்மா யோசிச்சா. சொன்னா சட்டைய வேணாம்னுடுவாரு, செவலை கறியாயிடும். ஆனா பொய் சொல்ல அவளுக்கு எங்க தெரியும்?

"இருக்கு ராசா"ன்னு விம்முனா. "இடது கக்கத்துக்குக் கீழ அஞ்சாவது முறுக்கு. நான் எண்ணிக்கிட்டு இருக்கையில செவலை நூலைக் கடிச்சிருச்சு. முடிச்சுப் போட்டுட்டு வந்ததுல எண்ணிக்கை போச்சு, முன்னால நிறுத்த வேண்டியதப் பின்னால நிறுத்திட்டேன். அது மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கும். என்னை என்ன வேணாப் பண்ணுங்க, ஆட்டை விட்டுடுங்க!"

ராசா கையத் தூக்குனாரு, மந்திரி குனிஞ்சு எண்ணுனாரு. அஞ்சாவது முறுக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சிருந்துச்சு, உள்பக்கம் ஒரு முடிச்சு.

"தப்பு யாருதோ சட்டை அவளுது"ன்னாரு ராசா. "செவலை நெத்திக் குங்குமத்தைத் தொடைச்சு விடுங்க. வடிவாம்பா, ரெண்டு கையையும் நீட்டு."

சங்கிலிதான் வருதோன்னு அவ குழம்பிப்போயி நீட்டுனா. நீட்டுன கையில மந்திரி ஒரு கம்பளி நூல்சிட்டத்தை மாட்டிவிட்டாரு. சிட்டம்மா எதிர்ல உக்காந்து பிரிச்சுப் பிரிச்சு உருண்டையாச் சுத்துனா. அன்னையிலேருந்து எப்ப நூல் சுத்தணும்னாலும் வடிவாம்பாதான் வந்து கையை நீட்டிக்கிட்டு நிக்கணும். சிட்டம்மா பாதியில சுத்து எண்ணிக்கைய மறந்துட்டா, மறுபடி மொதல்லேருந்து.

செவலைக்கு மறுபடி மயிரு மொளைச்சாச்சு, கதைக்கு முடிச்சும் போட்டாச்சு. செஞ்சவளுக்குத்தான் தெரியும் எங்க பிசகுனோம்னு. ஆமா, எத்தனாவது முறுக்குன்னு சொன்னேன்?