அவள் ஓட்டினால் அணையும் ஜிபிஎஸ்

"டீச்சர், அந்தப் பிள்ளைக்குப் பறக்கிறது ஒத்துவராது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

புஷ்பம் டீச்சர் நிமிரவில்லை. வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னவர் கேப்டன் சுகுமாரன். விமானப் பயிற்சிக் கழகத்தின் தலைமை ஆசிரியர். ஐம்பத்து நாலு வயது. கோபத்துக்கு அதைவிட வயது அதிகம்.

டீச்சர் முப்பது வருஷம் விமான ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டியவர். சுகுமாரன் அரும்பு மீசையோடு ரேடியோ படித்தது அவரிடம்தான். இன்றைக்கும் அவர் முன்னால் உட்கார மாட்டார்.

"என்ன செஞ்சா?"

"பழைய நாலு சீட்டு விமானம் இருக்கே, அதுல ஜிபிஎஸ் அவ ஓட்டினா மட்டும் அணையுது. சிக்னல் இல்லைங்குது. கொஞ்ச நேரத்துல தானா வருது. மறுபடி போகுது."

"நீ ஓட்டினா?"

"கல்லு மாதிரி நிக்கும்."

"மத்த பயலுவ?"

"ஒரு குறையும் இல்ல. இவ எதையோ நோண்டுதா டீச்சர். கேட்டா தொடவே இல்லைன்னு சாதிக்கா. பொய் சொல்லுத பிள்ளைய நம்பி எப்படித் தனியா மேல அனுப்ப?"

"கருவியைப் பாத்தியா?"

"மூணு தடவை மாத்தியாச்சு. வயரையும் மாத்தியாச்சு. மெக்கானிக் விமானத்த வெளியில வெயில்ல நிறுத்தி, உள்ள உக்காந்து வெந்து நீறாகிப் பாத்தான். ஜிபிஎஸ் அசையல."

"உக்காந்திருந்தப்போ யாருகிட்டயாச்சும் பேசினானா?"

"தனியா உக்காந்து யாருகிட்ட பேச?"

"ம்."

"கைராசின்னு ஒண்ணு இருக்கு டீச்சர்."

"வடையில எண்ணெய் ஜாஸ்தி" என்றார் டீச்சர். கையைத் துடைத்தார். "விமானத்த எடு. அவளையும் கூப்பிடு."

ஜெனிட்டா வந்தாள். அழுது முடித்த முகம். வணக்கம் சொன்னாள்.

டீச்சர் பின் சீட்டில் ஏறி முழங்காலைத் திட்டினார். ஜெனிட்டாவைப் பக்கத்தில் வைத்துச் சுகுமாரன் ஓட்டினார். ஊரைத் தாண்டி, செம்மணல் தேரியைத் தாண்டி, கடல் தெரிகிற வரை. திரையில் அவர்களுடைய சின்ன விமானம் ஒழுங்காக ஊர்ந்தது.

"பாத்தீங்களா?"

"அவகிட்ட குடு."

ஜெனிட்டா வாங்கினாள். ரேடியோவின் பேச்சுப் பொத்தானை அழுத்தி, தாங்கள் இருக்கும் இடம், உயரம், போகும் திசை எல்லாம் சொன்னாள். கீழே ரேடியோ அறையில் இருந்த தவசி, "சரி ஜெனிட்டா" என்றான். அவன் வேலைக்கு வந்து இரண்டு வருஷம்.

திரை காலி. சிக்னல் இல்லை.

"அந்தா! போயிட்டு!" என்று கத்தினார் சுகுமாரன். லாட்டரி விழுந்தவர் மாதிரி.

"நான் தொடல சார்."

"தொடாமதான் போச்சாக்கும்?"

"ஏல சுகுமாரா, கத்தாத. காது வலிக்கு" என்றார் டீச்சர். "விமானத்த நீ வாங்கு. பிள்ள, நீ பேச மட்டும் செய்."

சுகுமாரன் வாங்கினார். திரை திரும்ப வந்தது. ஜெனிட்டா பொத்தானை அழுத்திப் பேசினாள்.

திரை காலி. சுகுமாரன் கையில்.

அவர் கருவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏதோ ஒரு தடவை..."

"பிள்ள, பேசு."

பேசினாள். போயிற்று.

"இப்ப விமானம் அவகிட்ட. ரெண்டு பேரும் வாயத் தொறக்கப்படாது."

ஜெனிட்டா ஓட்டினாள். கடற்கரையைத் தொட்டுத் திரும்பினார்கள். திரை கல்லு மாதிரி நின்றது.

"ரேடியோவா!" என்றார் சுகுமாரன்.

"கிழட்டு ரேடியோ. பேசுத அலைவரிசையில மட்டுமா பேசும்? மேலயும் கசியும். செயற்கைக்கோள் முணுமுணுக்குறது அங்கதான். இது கசிஞ்சா அது கேக்காது. கசிவ நிறுத்த ஒரு வடிகட்டி போட்டா தீந்துது."

சுகுமாரனுக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானா! நாளைக்கே போட்டுருதேன். பிள்ள, நீ ஊருக்குப் போக வேண்டாம்."

"சரி சார்" என்றாள் ஜெனிட்டா. குரல் இறங்கி வந்தது.

டீச்சர் கொட்டாவி விட்டார்.

"ஜிபிஎஸ் போட்டு எத்தன வருஷமாச்சு?"

"ஏழு."

"ரேடியோ?"

"அது அதுக்கும் முன்னாலயே இருக்கு."

"ஏழு வருஷமா உனக்கு அணையலயே. ஏன்?"

சுகுமாரன் சிரித்தார். "இந்த வானம் நமக்கு வீட்டு முத்தம் டீச்சர். எதுக்குச் சும்மா பேசிக்கிட்டு? என்ஜின் சத்தத்தை வச்சே நான்னு தெரிஞ்சுக்குவாங்க. பயலுவளும் என்னைப் பாத்து..."

"பயலுவளும்?"

சுகுமாரன் ஜெனிட்டா பக்கம் திரும்பினார். யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

"நீ மட்டும் எதுக்கு இத்தனை தடவை பேசித் தொலைக்குத?"

"எங்கப்பா மீன்பிடி போட்டு ஓட்டுறவரு சார். எங்க நிக்கேன்னு வயர்லெஸ் செட்டுல சொல்லாம ஒரு நாள் கரைக்கு வந்தாரு. எங்கம்மா கதவே தொறக்கல."

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"சார், கீழ!" என்றாள் ஜெனிட்டா. சொல்லும்போதே விமானத்தின் மூக்கைத் தூக்கினாள்.

கீழே கழகத்தின் இன்னொரு விமானம் குறுக்கே போயிற்று. ஓட்டியவன் சுகுமாரன் தயாரித்த பையன். போன மாதம் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்த பையன். அவன் தலை தெரிந்தது. தலையில் மாட்டியிருந்த ஹெட்போன் தெரிந்தது.

ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் போய்விட்டான். இவர்களைப் பார்க்கவே இல்லை.

சுகுமாரன் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடுபாதை தெரிந்தது.

"நான் இறக்குறேன்" என்றார் சுகுமாரன்.

பொத்தானை அழுத்தினார். இருக்கும் இடம் சொன்னார். உயரம் சொன்னார். இறங்க வருவதைச் சொன்னார். திரை காலியாயிற்று. விடாமல் கடைசி வரை சொன்னார்.

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது.

"சரிங்க" என்றான் தவசி. "ரேடியோவுல குரல் புதுசா இருக்கே. பேசுறது யாரு?"