விளக்கை நன்றாக விளக்கிய கதை

மூளை கொஞ்சம் குறைந்தவன் தனியாகத் தொழில் தொடங்கினால் வீட்டில் திட்டுவார்கள். அப்படி மூன்று பேர் சேர்ந்து தொடங்கினால் அதற்கு ஸ்டார்ட்அப் என்று பெயர். கல்லூரியில் மாலை போடுவார்கள். அந்த மாலையை வாங்கிய மகராசன்கள் பரஞ்சோதி, அறிவுடைநம்பி, டெரன்ஸ். வளரும் நாடுகளுக்கெல்லாம் மலிவு விலையில் சோலார் விளக்கு கொடுக்கப் போகிறார்களாம்.

“வளரும் நாடுன்னா வருஷத்துக்கு எவ்வளவுடா வளரும்?” என்று கேட்டான் டெரன்ஸ்.

“யாருக்குத் தெரியும்? எதுக்கும் ஒயரைக் கொஞ்சம் நீளமாவே வாங்கிடுவோம்,” என்றான் பரஞ்சோதி. அதனால்தான் அவன் தலைவன்.

பேராசிரியர் முதலில் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்குப் போகச் சொன்னார். அங்கே பொழுது சாய்ந்துதான் வள்ளம் கரைக்கு வரும். சலேத் அக்கா இருட்டில் கைவிட்டு மீன் பிரிப்பாள். கெளுத்தி முள் குத்திக் குத்திக் கை வீங்கிக் கிடந்தது. பாவம், அவள் கேட்டதெல்லாம் மீன் எது முள் எது என்று தெரிகிற அளவுக்கு ஒரு வெளிச்சம்.

“சோலார்னா தீர்ந்தே போகாத சக்திப்பா. ஜனங்களுக்கு இது புதுசு. அவங்க கண் முன்னாடியே விளக்கை நல்லா விளக்குங்க,” என்று சொல்லி அனுப்பினார் பேராசிரியர்.

சொல்லிவிட்டாரே! மூவரும் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். தேங்காய் நார், புளி, கடல் மணல். குப்பமே கூடி நின்று பார்க்க, விளக்கு விளக்காக எடுத்து விளக்கினார்கள். மேலே இருந்த சோலார் தகடு கறுப்பாக இருந்ததால் அதைத்தான் ரொம்ப நேரம் தேய்த்தார்கள்.

“ஏன் தம்பி, அது என்ன அடிப்பிடிச்ச சட்டியா?” என்றாள் சலேத் அக்கா.

“பேசாம பாருங்கக்கா. சார் சொல்லியிருக்காரு.”

சாயங்காலம் வள்ளம் வந்தது. மீனைக் கொட்டினார்கள். பரஞ்சோதி பெருமையாகப் பொத்தானை அழுத்தினான். ம்ஹூம், ஒரு விளக்குகூட எரியவில்லை.

“நம்ம மேல தப்பே இல்ல,” என்றான் அறிவுடைநம்பி. “இது வெயில்ல எரியிற விளக்கு. இப்ப வெயில் எங்க இருக்கு?”

“அப்ப ராத்திரிக்குப் பகல்னு பேர் வச்சுப் பாக்கலாமா?” என்றான் டெரன்ஸ்.

“ஐயோ அம்மா!” சலேத் அக்கா கையை உதறினாள். மறுபடியும் கெளுத்தி. “நாசமாப் போறவனுங்களா, பேச்சை விட்டுட்டு வெளிச்சத்தைக் காட்டுங்கடா!”

பரஞ்சோதி நெற்றியில் அடித்துக்கொண்டான். “அட ஆமாடா! தகட்டுக்கு நாம வெளிச்சமே காட்டலையே!”

திரும்பிப் போகும்போது வழி தெரிய வேண்டுமே என்று ஆளுக்கொரு டார்ச் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு விளக்கை மீன் குவியலுக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று டார்ச்சையும் அதன் தகட்டின் மேல் அடித்தார்கள். விளக்கு மின்மினி மாதிரி மினுக்கி எரிந்தது. டார்ச் வெளிச்சம் மீன் குவியல் மேலும் பளீரென்று விழுந்தது. சலேத் அக்கா ஒரு முள்கூடப் படாமல் அத்தனை மீனையும் பிரித்து முடித்தாள்.

“எரியுதுடா!” என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாளே திட்டம் தயார்: ஒரு சோலார் விளக்கு வாங்கினால், அதை எரிய வைக்க மூன்று டார்ச் இலவசம். குப்பமே வரிசையில் நின்றது. முதல் ஆளாக வாங்கிய சலேத் அக்கா டார்ச்சுகளை மடியில் கட்டிக்கொண்டு விளக்கைத் திருப்பி நீட்டினாள்.

“இதை நீங்களே வச்சுக்குங்க தம்பி.”

அந்த விளக்கையே அடுத்த ஆளுக்கு விற்றார்கள். அவரும் திருப்பிக் கொடுத்தார். கடைசி ஆள் வரைக்கும் இதே கதைதான். பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களாடா? ஊருக்கே வித்தாச்சு, விளக்கு இன்னும் நம்ம கையிலயே இருக்கு! தீர்ந்தே போகாத சக்தின்னு சார் இதைத்தான்டா சொன்னாரு!”