அவர் எடுத்த சுருதி

ஜெபமணி வாத்தியார் சபையின் பாடகர் குழுவை நடத்துபவர். அவரிடம் பாட்டு கற்றுவந்தான் அருமைநாயகம். நாற்பதைத் தாண்டிக் கற்க வந்தவன். நல்ல குரல். அது அவனுக்கும் தெரியும்.

சபையைச் சேர்ந்த தவசிமுத்துவின் மனைவி பாக்கியம் இறந்து, அடுத்து வந்த ஞாயிறு. அவள் அடுக்களையில் தினமும் பாடிய பாட்டையே ஆராதனையில் பாடச் சொல்லிக் கேட்டிருந்தார் தவசிமுத்து. அன்று பாட்டை எடுத்துக்கொடுக்கும் முறை அருமைநாயகத்துடையது.

தன் குரல் கணீரென்று ஒலிக்கும் உயர்ந்த சுருதியில் எடுத்தான். முதல் சரணம் வரை சபை கூடவே வந்தது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். தன்னைக் கேட்கத்தான் நிறுத்துகிறார்கள் என்று எண்ணி, இன்னும் இழுத்துப் பாடினான்.

ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஏ யப்பா, என்ன குரல்வே! நாங்கல்லாம் வாயை மூடிட்டோம்லா."

அருமைநாயகம் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குமுன் தவசிமுத்து வந்தார்.

"நல்லாப் பாடினீரு தம்பி. அவ பாட்டாச்சே, நானும் கூடப் பாடலாம்னு வந்தேன். எட்டல."

குறைப்பட்டுக்கொள்ளும் தொனியே அவர் பேச்சில் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வாத்தியார் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"இனி எந்த முகத்தோட அங்க நிப்பேன், ஐயா? போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டுமா?"

"கேட்டா என்ன சொல்லுவாரு?"

"பரவால்ல தம்பின்னுவாரு."

"உமக்கு மனசு ஆறிரும். அவருக்கு?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

"சாயங்காலம் வாரும்."

தவசிமுத்து வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனார்கள். பழக்கத்தில் அருமைநாயகம் தொண்டையைச் செருமினான். வாத்தியார் அவன் முழங்காலில் கைவைத்தார்.

"தவசி, பாக்கியம் பாட்டை நீரே எடும்."

"நானா? கழுத கத்துன மாதிரி இருக்கும்வே."

"எடும்."

எடுத்தார். அடித்தொண்டையில், கரகரவென்று, தரையோடு தரையாக. வாத்தியாரும் அதே சுருதியில் பின்னாலேயே பாடினார்.

அருமைநாயகமும் வாயைத் திறந்தான். அவ்வளவு கீழே அவனுக்குக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. மேலே ஏறிப் பாட இன்று துணிவில்லை. கடைசிவரை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சரணத்தையும் பாடி முடித்தார்.

வெளியே வந்ததும் அருமைநாயகம் மெதுவாகச் சொன்னான்.

"ஐயா, எனக்குப் பாட்டே வரல."

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வந்துச்சே."