இன்னாசிமுத்து பிடித்த ஆக்சியான்

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த மனுஷன், நாற்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சிக்கு வந்து மாட்டிக்கொண்டார். பெயர் இன்னாசிமுத்து. அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் அங்கயற்கண்ணி. வயதில் அவரைவிடச் சின்னவர், பேச்சில் ரொம்பச் சிக்கனம்.

இன்னாசி தேடியது ஆக்சியான் என்ற துகளை. அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற சரக்கெல்லாம் இதுவாகவே இருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. இதுவரை ஒருத்தர் கையிலும் சிக்கியதில்லை. பிடிக்கிற வழி காகிதத்தில் சுலபம்தான். பலமான காந்தத்துக்கு நடுவே ஒரு செம்புக் குடுவை. ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல் அலைவரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஆக்சியான் அகப்பட்டால் காந்தம் அதை நுண்ணலையாக மாற்றும், திரையில் ஒரு சின்ன மேடு எழும்பும்.

இன்னாசிக்கு எழும்பவே இல்லை. வருஷக்கணக்காகத் திரை தட்டையாகவே கிடந்தது.

"மேடம், ஒண்ணுமில்லைன்னு ஆய்வேடு எழுதினா எவன் நம்புவான்? உன் மிஷினுக்குக் காது கேக்கலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட மாட்டானா?"

அங்கயற்கண்ணி டீயை உறிஞ்சினார். "தேடுங்க" என்றார்.

அடுத்த வாரம் மேடு எழும்பியது.

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் மாமனாருக்குப் போன் போட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "என்ன மாப்ள, அந்தத் தூசி ஆம்புட்டுச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டு மானத்தை வாங்குகிறவர் அவர். "ஆம்புட்டுச்சு மாமா" என்றார் இன்னாசி. அப்புறம் துறை முழுக்க ஜாங்கிரி, வாட்ச்மேன் உட்பட.

அங்கயற்கண்ணி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "காந்தத்தோட பலத்தை இறக்கிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. காந்தம் அடங்கினால் ஆக்சியான் நுண்ணலையாக மாறாது, மேடும் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது ஆக்சியானே இல்லை. இன்னாசி தன் மாணவர்களுக்கே படித்துப் படித்துச் சொல்கிற சங்கதி இது.

"எதுக்கு மேடம் வம்பு? நல்லாத்தானே ஓடிட்டிருக்கு."

"இறக்குங்க."

"திங்கக்கிழமை பாத்துக்கலாமே."

"இறக்குங்க இன்னாசி."

இறக்கினார். காந்தம் அடங்கி முடிய மத்தியானம் ஆயிற்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார். மேடு கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

அங்கயற்கண்ணி எழுந்து போய், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஏதோ ஒரு சுவிட்சை அணைத்தார். மேடு போயே போச்சு.

தேடுகிறவருக்குத் தெரியாமல் ஒரு போலி ஆக்சியானை, அதாவது அதே மாதிரி ஒரு நுண்ணலையை, உள்ளே விட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அதைப் பற்றி இன்னாசியே ஓர் அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார். ஜாங்கிரி வாங்கப் போகிற சந்தோஷத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

"நீங்களா மேடம் விட்டீங்க?"

"ஆமா."

இன்னாசிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஊர் பூரா சொல்லிட்டேன். மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?"

"எவ்வளவு மெல்லிசா விட்டேன் தெரியுமா? நிஜ ஆக்சியான் வந்தா எவ்வளவு சத்தம் கேக்கும்னு நீங்க கணக்குப் போட்டீங்களோ, அதே அளவுதான். உங்க மிஷின் அதைக் கேட்டுடுச்சு."

இன்னாசி மூக்கை உறிஞ்சினார். "கேட்டு என்ன மேடம்? நிஜமா ஒண்ணும் இல்லையே."

"இல்லைதான்" என்றார் அங்கயற்கண்ணி. "இப்ப எழுதுங்க, இல்லைன்னு. எவன் நம்ப மாட்டேங்கிறான், பாப்போம்."