முந்நூறும் மேசைக்கு வரணும்

பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைத்தாள் செண்பகவல்லி. செருப்பு ரப்பரில் படம் செதுக்கி, மை தடவி, கையாலேயே அச்சிட்டு எட்டுப் பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம் போட்டாள். தெருவே காலிக் குடத்தோடு நிற்க, ஒரு தொந்திக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் நீந்துகிற படம் அது. முந்நூறு பிரதிகளையும் பயணிகளுக்குச் சும்மாவே கொடுத்தாள்.

மறுநாள் பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் அவளை மன்றக் கூட்டத்துக்கே வரவழைத்தார்.

“சாயங்காலத்துக்குள்ள முந்நூறும் என் மேசைக்கு வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் உன் கடைக்குப் பூட்டுதான்.”

“யார் யார் வாங்கினாங்கன்னு தெரியாதுங்க ஐயா. ஆட்டோவில மைக் கட்டி அறிவிச்சா கொண்டாந்து கொடுத்திடுவாங்க.”

“என்னன்னு அறிவிக்கிறது?”

“‘தொட்டியில நீந்துறவர் நம்ம தலைவர்தான், அதனால புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்க’ன்னுதாங்க.”

உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். தலைவரின் முகம் சிவந்தது.

“அது நான்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலைங்க. அது நீங்க இல்லேன்னா, நான் எதுக்குங்க திருப்பி வாங்கணும்?”

தலைவர் அவசரமாக அடுத்த தீர்மானத்தை எடுக்கச் சொன்னார். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே ஓடிவந்தார் அலுவலக எழுத்தர்.

“உள்ளே நாலு உறுப்பினர்கள் கேக்குறாங்க. எனக்கும் சேர்த்து அஞ்சு பிரதி கிடைக்குமாம்மா?”