பன்னீர்ச் செம்பு பிடிச்ச ரெண்டு நாள்

"வார்டுக்கு ரெண்டு நாள் வரலைதான் மேடம், யாரு இல்லைன்னாங்க?" பிரின்சிபால்கிட்ட ஜெபக்கனி கேட்டதும் ஆபீஸ் வாசல்ல நின்ன நர்சிங் பொண்ணுங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. வார்டு டியூட்டி நூறு சதவீதம் முடிக்காதவளுக்கு மூணாம் வருஷம் கிடையாதுன்னு பிரின்சிபால் லெட்டரே அடிச்சு வச்சிருந்தாங்க.

"உங்களுக்குப் பின்னாடி மாட்டியிருக்கிற ஆண்டு விழா போட்டோவைப் பாருங்க. உங்க பக்கத்துல பட்டுச்சேலையில பன்னீர்ச் செம்போட நிக்கிறது யாரு? ஒத்திகைக்கு ஒரு நாள், விழாவுக்கு ஒரு நாள், வார்டுல இருந்து கூப்பிட்டதே நீங்கதான்."

மேஜையில கிடந்த ஸ்டாஃப் ரிஜிஸ்டரை ஜெபக்கனி திருப்பிக் காட்டினா.

"விட்டுப்போன டியூட்டியை லீவுல வந்து செய்றேன், அது நோயாளிக்காக. ஆனா விழா அன்னிக்கு நீங்க டியூட்டியில இருந்ததா உங்க கையெழுத்து இருக்கு. ஒரு அடி தள்ளி நின்ன நான் மட்டும் எப்படி ஆப்சென்ட்? இவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க மேடம்."